‘கண்ணகி நகரைச் சேர்ந்த…’: ஒரு முகவரி கெட்டபெயராக மாறும் விதம்

கேள்வி இது: நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைச் சென்னையின் தெற்கு ஓரத்தில் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சொன்னாலே ஆட்டோக்காரர் யோசிக்கிறார், வேலை கொடுக்கிறவர் தயங்குகிறார். இந்தக் கெட்டபெயரை உண்டாக்கியது மீடியாவா, இல்லை அங்கே உண்மையிலேயே குற்றம் அதிகமா?

குற்றம் இருக்கிறது. கஞ்சா, செல்போன் பறிப்பு, கோஷ்டிச் சண்டை எல்லாம் அங்கே நடப்பவைதான். அதை மறைத்து எழுதுவது அங்கே குடியிருப்பவர்களுக்கே செய்கிற துரோகம், ஏனென்றால் அதில் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். வரும் செய்திகளும் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் ஒரு இடத்தின் பெயரைக் கெடுக்கப் பொய் தேவையே இல்லை. தினசரி செய்தி தயாராகும் சாதாரண வேலைமுறையே போதும். அது எப்படி என்று பார்த்தால்தான் எங்கே திருத்தலாம் என்பதும் தெரியும்.

முதலில் அளவு. கண்ணகி நகரில் அரசின் குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 15,656. அதை ஒட்டியிருக்கும் எழில் நகரில் 8,048. இரண்டும் சேர்த்து 23,704 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலே ஏறக்குறைய 95 ஆயிரம் பேர். 2011 கணக்கெடுப்பில் பொள்ளாச்சி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 90 ஆயிரம். அதாவது ‘ஒரு காலனி’ என்று நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு பொள்ளாச்சியை. பெரும்பாக்கத்தில் இன்னும் 23,864 வீடுகள், எட்டு மாடி அடுக்குகளாக. 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட குடும்பங்கள் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரத்துக்கு அனுப்பப்பட்டன. 2004 சுனாமியில் வீடிழந்தவர்கள் செம்மஞ்சேரிக்குப் போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு. கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. பழைய வேலையிடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

இனி செய்தி. குற்றச் செய்தியின் மூலப்பொருள் பெரும்பாலும் போலீஸ் கொடுக்கும் பத்திரிகைக் குறிப்பு. அதன் வாய்ப்பாடு பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர், வ/22, த/பெ. இன்னார், கதவு எண், 14வது தெரு, கண்ணகி நகர், சென்னை. வழக்குக்கு முகவரி வேண்டும்; ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், ஆளைப் பிரித்துக் காட்ட அது அவசியம். குறிப்பில் அது இருப்பதில் தப்பில்லை. அது வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. நிருபர் அதைச் சுருக்கி அனுப்புகிறார். செய்தியைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் டெஸ்க்கில் இருப்பவருக்கு ஒரு தலைப்பு வேண்டும், ஏழெட்டுச் சொல்லுக்குள்.

இங்கேதான் விஷயம் நடக்கிறது. ஒரு செல்போன் பறிப்பில் மூன்று பேர் பிடிபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேளச்சேரி, ஒருவர் மடிப்பாக்கம், ஒருவர் கண்ணகி நகர். மூன்று முகவரியும் குறிப்பில் உண்டு. தலைப்புக்கு ஏறுவது மூன்றாவது. டெஸ்க்காரருக்கு யார்மேலும் வஞ்சம் கிடையாது. வேளச்சேரி என்று போட்டால் வாசகர் மனதில் எந்தப் படமும் எழாது, கண்ணகி நகர் என்று போட்டால் எழும். தலைப்பின் வேலையில் பாதியை அந்தப் பெயரே செய்துகொடுத்துவிடுகிறது. நேற்று வந்த தலைப்புகளால்தான் இன்று அந்தப் பெயருக்கு அந்தச் சக்தி. இன்றைய தலைப்பு நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துவிடும். இப்படி வட்டி மேல் வட்டியாக ஏறுவதுதான் இதன் கணக்கு.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வசதியானவர் கைதானால் அவருடைய தொழில் தலைப்புக்கு வரும்: ‘ஐ.டி. ஊழியர் கைது’, ‘வங்கி மேலாளர் கைது’. ஏழை கைதானால் அவருடைய இடம் வரும். ஐ.டி. ஊழியர் வீடு அடையாறில் என்றால் அது நான்காம் பத்தியில் எங்கோ கிடக்கும். கண்ணகி நகர்க்காரரும் ஏதோ ஒரு வேலை பார்க்கிறவர்தான், ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் ஹவுஸ்கீப்பிங்கும் செக்யூரிட்டியும் டெலிவரியும் இந்தக் குடியிருப்புகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் ‘ஹவுஸ்கீப்பிங் ஊழியர் கைது’ என்று யாரும் தலைப்பு வைப்பதில்லை.

காவல் நிலையத்தின் பெயர் இன்னொரு சிக்கல். கண்ணகி நகர் காவல் நிலையம் என்றே ஒன்று இருக்கிறது. ஒரு காவல் நிலையத்தின் எல்லை பொதுவாக அதன் பெயரிலுள்ள இடத்தோடு முடிந்துவிடாது. எல்லைக்குள் எங்கே சம்பவம் நடந்தாலும், யார் செய்தாலும், ‘கண்ணகி நகர் போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்றுதான் செய்தி முடியும். குடியிருப்பில் யாருக்கும் சம்பந்தமே இல்லாத வழக்கிலும் பெயர் ஒட்டிக்கொள்ளும். தி.நகரில் ஒரு திருட்டு என்றால் மாம்பலம் போலீஸ், பாண்டி பஜார் போலீஸ் என்று பெயர் சிதறிப்போகும். இங்கே சிதற வழியில்லை.

பொள்ளாச்சியோடு ஒப்பிட்டதற்கு அளவு தவிர இன்னொரு காரணமும் உண்டு. 2019இல் அந்த ஊர்ப்பெயர் ஒரு கொடூரமான பாலியல் வழக்கோடு சேர்ந்து நாடு முழுக்க அடிபட்டது; இன்றைக்கும் ‘பொள்ளாச்சி வழக்கு’ என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் பொள்ளாச்சிக்காரர் என்று சொன்னால் யாரும் வாடகைக்கு வீடு மறுப்பதில்லை. ஏனென்றால் பொள்ளாச்சி என்ற பெயரில் தேங்காய் விலை வருகிறது, மாட்டுச்சந்தை வருகிறது, ஆழியாறு நீர்மட்டம் வருகிறது, சினிமா படப்பிடிப்பு வருகிறது. கெட்ட செய்தி மற்ற பத்துச் செய்தியோடு கலந்து நீர்த்துப்போகிறது. கண்ணகி நகர் என்ற பெயரில் வருவது ஏறக்குறைய ஒரே துறையின் செய்தி. கிரைம் நிருபர் வாரம்தோறும் தொடும் இடம் அது. கல்வி நிருபரோ வணிக நிருபரோ அங்கே போக வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றுவதில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தலைப்புகளைவிட இந்த வெற்றிடம்தான் அதிகக் கேடு செய்கிறது.

இந்தக் கெட்டபெயர் அங்கே குடியேறிய பிறகு ஆரம்பித்ததுமில்லை. கிளம்பும்போதே ஆரம்பிக்கிறது. ஆற்றங்கரையில் புல்டோசர் நிற்கும் நாளில் வரும் செய்தியில் அந்தக் குடும்பங்களின் பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் மின் இணைப்பும் வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறை வாழ்ந்த இடம் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அதே ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் ஒட்டி எழுந்த பெரிய கட்டடங்களுக்கு இந்தச் சொல் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆக, பெரும்பாக்கத்தில் லாரியிலிருந்து சாமான் இறங்கும்போதே, இறங்குகிறவர் சட்டத்தை மீறியவர் என்ற முன்னுரை வாசகரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். (கணவனை விசாரிக்காமலே கள்வன் என்று முடிவுகட்டிக் கொன்ற அரசனிடம் போய் நியாயம் கேட்டவளின் பெயரை இந்த இடத்துக்கு வைத்தது யார் யோசனையோ!)

பிரான்சின் புறநகர்களையும் சிகாகோவையும் ஆராய்ந்த சமூகவியலாளர் லொயிக் வக்கான் இதற்கு ஒரு கருத்தாக்கம் கொடுத்தார். சாதி, நிறம், வறுமை என்று ஆளின்மேல் ஏற்கெனவே இருக்கும் களங்கத்தோடு, வாழுமிடத்தின் களங்கம் தனியாக இன்னொரு அடுக்காக ஏறுகிறது என்பது அவர் வாதம். நம் ஊரில் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: இந்தக் குடியிருப்புகளில் தலித் குடும்பங்கள் ஏராளம். பத்திரிகைகள்மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகள், இழிவுபடுத்தும் சூழலில் ஒருவரின் சாதியைக் குறிப்பிடக் கூடாது என்கின்றன. எந்தப் பத்திரிகையும் இன்று ‘இன்ன சாதி இளைஞர் திருட்டு’ என்று போடாது. ஆனால் இடத்தின் பெயரைப் போட்டால் அதே வேலை நடந்துவிடுகிறது, நெறிமுறை மீறாமலே.

விளைவுகள் காற்றில் நிற்பவை அல்ல. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் முகவரியில் ‘துரைப்பாக்கம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அஞ்சல் குறியீடு ஒன்றுதான், 600097, அதனால் பொய்யும் இல்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்களில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒரு வழக்கம் உண்டு: குறிப்பிட்ட பகுதி முகவரி என்றால் விண்ணப்பம் உள்ளே போகும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பட்டியல் யார் கண்ணுக்கும் வராது. வேலையும் கடனும் கிடைக்காத இடத்தில் பள்ளியை விட்ட பையன்கள் மூலையில் நிற்பார்கள். மூலையில் நிற்பவனைத் தேடிச் சோதனை வரும். சோதனையும் செய்தியாகும். அந்தச் செய்திகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: எத்தனை போலீசார் இறங்கினார்கள் என்ற எண் தலைப்பில் இருக்கும், எத்தனை கிராம் சிக்கியது என்பது கடைசிப் பத்தியில் இருக்கும், எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பது எங்குமே இருக்காது.

இதே வாரியக் குடியிருப்புகளைப் பற்றி நல்லபடியாகச் செய்தி எழுத முடியும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் சான்று. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. தொலைக்காட்சிகள் அந்த உதிரும் சுவரைத்தான் காட்டின. கேள்வி ஒப்பந்ததாரரையும் அதிகாரிகளையும் நோக்கிப் போனது; சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக்கு வந்தது. குடியிருப்பாளர்கள் அந்தச் செய்தியில் குற்றவாளிகள் அல்ல, புகார்தாரர்கள். கேமராவைத் திருப்பிய திசை ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் பெரும்பாக்கத்தில் லிஃப்ட் ஓடாமல் ஏழாம் மாடிக்குக் குடம் தூக்குவதைப் பற்றிய செய்தி வந்தால், அது உள்ளூர்ப் பக்கத்தோடு நின்றுவிடும். குற்றம் மாநிலச் செய்தி, லிஃப்ட் வார்டு செய்தி.

பாராட்டுச் செய்தியிலும் பள்ளம் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, கண்ணகி நகர். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்ற பெயரே பரவியது, முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்த இடத்தின் பெயர் பெருமையோடு ஒரு ஆளின் முன் நின்றது அபூர்வம். ஆனால் இந்த மாதிரிச் செய்தியில் டெஸ்க் ஒரு வாக்கியம் சேர்க்கும்: ‘குற்றங்களுக்குப் பேர்போன பகுதியிலிருந்து…’. சேற்றில் முளைத்த செந்தாமரை என்பது தாமரையைப் பாராட்டும் அதே மூச்சில் சுற்றிலும் இருப்பது சேறு என்று அடித்துச் சொல்கிறது. கபடி செய்தியில் எழுத வேண்டியது பயிற்சியாளர், மைதானம், பாய் இருக்கிறதா, எத்தனை பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பது. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டபோதும் இதேதான். படம் அழகாக வந்தது, அந்தச் சுவருக்குப் பின்னாலிருக்கும் தண்ணீர்க் குழாய் படத்தில் வரவில்லை.

படம் என்றதும் லண்டன் ஞாபகத்துக்கு வருகிறது. அய்ல்ஸ்பரி எஸ்டேட் என்ற பொதுக் குடியிருப்பில் சேனல் 4 தொலைக்காட்சி 2004இல் நிகழ்ச்சிகளுக்கு நடுவே சேனலின் அடையாளமாக ஓடும் துண்டுப் படம் ஒன்றை எடுத்தது. உள்ளபடி இருந்தது போதவில்லை என்று குப்பையையும் கொடியில் காயும் துணியையும் சேர்த்துக் காட்டினார்கள். பல ஆண்டுகள் எதிர்த்த பிறகு, 2014இல்தான் குடியிருப்பாளர்கள் பக்கத்திலிருந்து எடுத்த மாற்றுப் படம் ஒளிபரப்பானது. நம் யூடியூப் சேனல்களின் தம்ப்நெயிலைப் பார்த்தால் அவர்கள் பரவாயில்லை என்று தோன்றும். இங்கே பழைய கத்திச் சண்டைக் காட்சியையே புதுச் செய்திக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

செய்தி எழுதுகிறவர் டெஸ்க்கில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது என்ன? முதலில் இடத்தை மாற்றிப் பார்ப்பது. அதே வரியில் கண்ணகி நகருக்குப் பதில் அண்ணா நகர் என்று போட்டுப் படியுங்கள். ‘அண்ணா நகரைச் சேர்ந்தவர் செல்போன் பறிப்பு’ என்பது விசித்திரமாகப் பட்டால், அந்த இடப்பெயருக்குத் தலைப்பில் வேலை இல்லை என்று அர்த்தம். சம்பவம் நடந்த இடம் வேறு, பிடிபட்டவர் வீடு வேறு. வாசகர் எச்சரிக்கையாக இருக்க முந்தையது வேண்டும், பிந்தையது பெரும்பாலும் வேண்டாம். காவல் நிலையப் பெயர் வரும்போது சம்பவம் நடந்த தெருவையும் சேர்த்து எழுதினால் குழப்பம் பாதி குறையும். ‘குற்றம் பெருகும்’ என்று எழுதத் தோன்றினால் எண்ணிக்கையோடு கீழே மக்கள்தொகையும் வேண்டும். மாதம் இருபது வழக்கு என்பது ஆயிரம் பேர் இருக்கும் தெருவுக்கு ஒன்று, 95 ஆயிரம் பேருக்கு வேறொன்று. அதிலும், ரோந்து அதிகமுள்ள இடத்தில் வழக்கும் அதிகம் பதிவாகும் என்பதை மறக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இது நல்லெண்ணத்தைப் பொறுத்ததல்ல, சட்டம். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளியோடு அக்கம்பக்கத்தையும் வெளியிடக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும் அடையாளப் பாதுகாப்பு தருகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செய்திகளில் பெயரை மாற்றிவிட்டு, பிளாக் எண்ணையும் வயதையும் படிக்கும் வகுப்பையும் போடுகிறார்கள். வெளியூர் வாசகருக்கு அது யாரென்று தெரியாது. அந்தப் பிளாக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவதூறு வழக்குப் போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு தடவை முடிந்தது. 1997 ஜனவரி 8 அன்று சிட்னியின் டெய்லி டெலிகிராப், பொதுக் குடியிருப்புகள் நிறைந்த மவுண்ட் டிரூயிட் பகுதிப் பள்ளி ஒன்றின் 12ஆம் வகுப்புப் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, மதிப்பெண்ணில் மொத்த வகுப்பும் தோற்றதுபோல் காட்டியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், பத்திரிகை கடைசியில் மன்னிப்புக் கேட்டது. அவர்களுக்குக் கை கொடுத்தது அந்த வகுப்புப் படம்தான்: யாரைச் சொல்கிறார்கள் என்று முகத்தோடு இருந்தது. நம் சட்டத்திலும் ‘ஒரு கூட்டத்தை’ப் பழித்தால் அது அவதூறாகலாம். ஆனால் அந்தக் கூட்டம் வரையறுத்து அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1972இல் நரசிம்மன் எதிர் சொக்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே தமிழ்நாட்டில், சேலம் மாநாட்டுத் தீர்மானம் பற்றிய பத்திரிகைச் செய்தியில் முளைத்ததுதான். 95 ஆயிரம் பேர் கொண்ட குடியிருப்பு அந்த வரையறைக்குள் அடங்குவது கஷ்டம். நீதிமன்றக் கதவைத் தட்டுமுன் வேறு கதவுகளைப் பார்ப்பது நல்லது.

நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் கடிதம். நிருபரிடம் போனில் சண்டை போட்டது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழுக்கு செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். செய்தி நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடித நகல், இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்க முடியும். தொலைக்காட்சி என்றால் சேனலின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. அவர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2021 விதி. பெரும்பாலான புகார்கள் விழுவது ஒரே காரணத்தால்: ‘எங்கள் பகுதியை எப்போதும் கேவலப்படுத்துகிறீர்கள்’ என்று எழுதுவது. ‘எப்போதும்’ என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி, அதில் எது தப்பு, என்ன திருத்தம் வேண்டும் என்று எழுதினால்தான் பதில் வரும். இணையச் செய்தியின் தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள், அதனால் முதல் வேலை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்.

‘எப்போதும்’ என்பதை நிரூபிக்க வேண்டுமென்றால் எண்ண வேண்டும். இரண்டு பேர், ஒரு வார இறுதி போதும். ஒரே ஒரு பத்திரிகை, மூன்று மாதம், இடத்தின் பெயர் வந்த எல்லாச் செய்தியும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: தேதி, தலைப்பு, பெயர் தலைப்பில் வந்ததா உள்ளே வந்ததா, விஷயம் என்ன, தகவல் கொடுத்தது யார், குடியிருப்பாளர் வந்தால் எந்த வேடத்தில் (சந்தேக நபர், பாதிக்கப்பட்டவர், புகார்தாரர், விஷயம் தெரிந்தவர்). காவல் நிலையப் பெயராக மட்டும் வந்ததைத் தனிக் கட்டத்தில் போட வேண்டும், இல்லையென்றால் கணக்கு வீங்கிவிடும். ஒரே சம்பவம் கைது, ரிமாண்ட், குண்டாஸ் என்று மூன்று செய்தியாக வந்திருந்தால் சம்பவம் ஒன்று, செய்தி மூன்று என்று இரண்டையும் எழுதுங்கள். மாவட்டப் பதிப்புகளில் அதே செய்தி திரும்ப வரும், அதை விட்டுவிடுங்கள். பிறகு ‘விஷயம் தெரிந்தவர்’ கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால், ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது முதலில் நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான். கூடவே தண்ணீர் பற்றி, பள்ளி பற்றி, பேருந்து பற்றி, கபடி பற்றிப் பேசக்கூடிய பத்துக் குடியிருப்பாளர்களின் பெயரும், அவர்கள் சம்மதத்தோடு போன் நம்பரும். நிருபருக்கு அவசரத்தில் கிடைக்கும் ஒரே நம்பர் இன்ஸ்பெக்டருடையது என்பதால்தான் பாதிச் செய்தி அப்படி வருகிறது.

பெயரை மாற்றினால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு: 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பேச்சில் இன்னும் ‘ஹவுசிங் போர்டு’தான். எழில் நகருக்கு எவ்வளவு அழகான பெயர்! செய்தியில் அதைக் ‘கண்ணகி நகர் அருகே உள்ள’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள்.